பச்சை ஒயர்

சுவரில் ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தில்தான் தப்பு செய்கிறார்கள். காலண்டருக்கும் சாமி படத்துக்கும் மேலே, பல்லி ஓடுகிற இடத்தில் மாட்டிவிட்டு, பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். உட்கார்ந்திருக்கிறவரின் காதுக்கு நேராக இருக்க வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியைச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லி, அந்தக் கோட்டில்தான் இரண்டு பெட்டிகளையும் மாட்டினேன்.

ஐயா, நீங்கள் எழுதச் சொன்னது இதை அல்ல என்று தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பு விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவிட்ட ஒரு சாவைப் பற்றி நானாக வந்து பேச வேண்டும் என்றேன். தாளைக் கொடுத்து உட்கார வைத்தீர்கள். ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் எதுவும் விளங்காது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரான்சிஸ். வயது நாற்பத்தாறு. கணபதியில் சொந்த வீடு. ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீசியன். என் அப்பா அன்னூர்ப் பக்கம் பிறத்தியார் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் கால் வைக்க அவரை விடமாட்டார்கள். நான் மோட்டார்களையே பிரித்துப் போட்டு மாட்டுகிறவன் ஆனேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கரண்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

மில்லில் எட்டு மணி நேரம் இரைச்சல். பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் புல்லாங்குழல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. குடி இல்லை, பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. போன வருடம் என் மகள் இனியாவின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் சிடி போட்டால் பாட்டு வந்தது. கூடவே கொடுத்த குட்டி ஸ்பீக்கர்கள் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருந்ததால், நானே பலகை அறுத்து இரண்டு பெட்டி செய்தேன். ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து அதற்கு ஒயர் கொடுத்து, சுவரைக் கொத்தி ஸ்பீக்கர் ஒயரை உள்ளே விட்டுப் பூசி, வெள்ளையும் அடித்தேன். நாடகம் பார்க்க மனைவிக்கும் வசதியாக இருக்கட்டும் என்று டி.வி.யிலிருந்தும் ஒரு ஒயரை அதே ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்தேன். டி.வி.க்குக் கேபிள் இணைப்பு இருந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் சாயங்காலம் சிடியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். குழல் வந்தது. குழலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சலும் வந்தது. வாசிக்கிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் இரைச்சல் எட்டிப் பார்த்தது. மில்லிலிருந்து ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்து என் கூடத்துச் சுவரில் மாட்டினது போல இருந்தது.

மூன்று வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒயரை மாற்றினேன். வலை சுற்றிய ஒயர் போட்டேன். பின்னை மாற்றினேன். சவுண்ட் கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினேன். பூசின சுவரை மறுபடியும் கொத்தினேன். முந்நூறு மோட்டார் ஓடுகிற மில்லில் எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நான். என் வீட்டில் இரண்டு பெட்டியை வாய் மூட வைக்க முடியவில்லை.

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறீங்களா, மோட்டாரு கேக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"ஒயர்ல கோளாறு."

"ஆமாமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாமா."

அன்று நான் சாப்பிடவில்லை. கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதுதான் மனிதனை அரிக்கும்.

நான்காவது வாரம்தான் ஒரு விஷயம் புரிந்தது. இரைச்சல் நாள் முழுக்க இல்லை. நான் முதல் ஷிப்ட் முடித்து வருகிற மூன்றே முக்காலுக்கு இருக்கும், ஐந்தரைக்கு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை இல்லவே இல்லை. மூன்றே முக்காலிலிருந்து ஐந்தரை வரைக்கும் என் வீட்டில் ஓடியது ஒரே ஒரு மெஷின்தான். பின் போர்ஷனில் குடியிருந்த உம்மல் குல்சும் அம்மாவின் கிரைண்டர்.

அவருக்கு வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கணவர் இல்லை. ஹுமேரா என்று ஒரே மகள், ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஊரில் குண்டு வெடித்த பிறகு அவர்களுடைய ஆட்களுக்கு யாரும் வீடு தராத நேரம். நான் கொடுத்தேன். தெருவில் இரண்டு பேர் வந்து கேட்டபோதும், "என் ஊடு, நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்" என்று சொன்னவன் நான். அவர் தோசை மாவும் ஆப்ப மாவும் ஆட்டித் தெருவுக்கெல்லாம் விற்பார். அதே இரண்டு பேரின் வீட்டிலும் அவர் மாவுதான் வாங்கினார்கள்.

அந்தக் கிரைண்டர் ஹுமேரா தன் முதல் சம்பளத்தில், பழைய சாமான் கடையில் வாங்கிக் கொடுத்தது. பிளக்கில் ஒயரைக் கூட அவளே மாட்டினாள், பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் மாட்டினாள்.

இப்போது எர்த் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மோட்டாரில் ஈரம் ஏறினால் கரண்ட் கொஞ்சம் அதன் இரும்பு உடம்பில் கசியும். எர்த் ஒயர் என்கிற பச்சை ஒயர் அந்தக் கசிவைக் கொண்டுபோய் மண்ணுக்குள் விட்டுவிடும். பச்சை ஒயர் இல்லாவிட்டால், தொடுகிற ஆள் வழியாக மண்ணுக்குப் போகும். என் வீட்டில் இரண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர் போர்டு, ஒரே எர்த் குழி. கரியும் உப்பும் கொட்டிய குழி. வெயில் காலத்தில் அது காய்ந்துவிடக் கூடாது. தண்ணீருக்கு நாமே அல்லாடுகிற ஊரில் குழிக்கு எங்கே போவது? அதனால் அரிசி கழுவுகிற தண்ணீரை அதில் ஊற்றச் சொல்லியிருந்தேன். உம்மல் குல்சும் ஒரு நாளும் தவறியதில்லை. செடிக்கு ஊற்றுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஊற்றுவார்.

அவருடைய கிரைண்டர் கசிந்தது, எர்த்தில் இறங்கியது, அதே எர்த்தில் இருந்த என் கம்ப்யூட்டர் வழியாக இரைச்சலாக ஸ்பீக்கருக்கு வந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் உட்கார்ந்தால் அந்த மோட்டாரைப் பிரித்துக் காய வைத்து வார்னிஷ் அடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் குடியிருப்பவர்களின் சாமானில் கை வைத்தால், நாளைக்கு எது கெட்டாலும் வீட்டுக்காரன் கெடுத்தான் என்பார்கள். முறையாக நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

"அதுக்கென்னங்ணா, மத்தியானமே ஆட்டிப்போடறனுங்க" என்றார்.

ஒரு வாரம் சொன்னபடி செய்தார். அந்த ஒரு வாரம் நான் குழல் கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை இரைச்சல் திரும்பவும் வந்தது. எழுந்து போய்க் கேட்டேன். கையெல்லாம் மாவோடு எழுந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இந்த வெயிலுக்கு மத்தியானம் ஆட்டுனா சாயந்தரத்துக்குள்ள புளிச்சுப் போகுதுங்க. நாலு ஊட்டுல திருப்பிக் குடுத்துட்டாங்க. மழை வந்துச்சுன்னா மாத்திக்கறனுங்க."

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற வேதனை என்னுடையது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றைக்கே என் கம்ப்யூட்டரின் பிளக்கிலிருந்து எர்த்தைக் கழற்றிப் பார்த்தேன். இரைச்சல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் கசிவு உண்டு, அது எனக்குத் தெரியும், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இனியா வந்து பெட்டியைத் தொட்டாள்.

"அப்பா, சுருக்குங்குதுப்பா" என்று கையை உதறினாள்.

அவள் உதறின கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டீ கூடக் குடிக்காமல் எர்த்தைத் திரும்ப மாட்டினேன். வெறுங்காலோடு இனிமேல் அதைத் தொடக் கூடாது என்று சத்தம் போட்டேன். பெற்ற பிள்ளை அல்லவா.

மறுநாள் மீட்டர் போர்டைத் திறந்து, பின் போர்ஷனுக்குப் போகிற பச்சை ஒயரைக் கழற்றினேன். வெட்டினேன் என்று யாராவது எழுதினால் அது தவறு. ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒயரை எடுத்து, நுனிக்கு டேப் சுற்றி, மற்ற ஒயர்களுக்குப் பின்னால் மடித்து வைத்தேன். மழை வந்து அவர் நேரத்தை மாற்றிக்கொண்டதும் திரும்ப மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். வேலை சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் குழல் கேட்டேன். மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு மட்டும் கேட்டது. விரல் துளையை மூடுகிற சின்னச் சத்தம் கூடக் கேட்டது. மில்லில் என் சூப்பர்வைசர் கூட, "என்ன பிரான்சிஸ், முகமே மாறிப்போச்சு" என்றார்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ உம்மல் குல்சும் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியில் இருந்தே பேசுவார்.

"ஏனுங்ணா, கிரைண்டர்ல கை வெச்சா சுர்ருங்குதுங்க. முன்னயெல்லாம் இப்பிடி இல்லீங்க. ஒருக்கா பாக்கறீங்களா?"

"பழைய மெஷின் அப்படித்தாங்க இருக்கும். ஈரக் கையோட தொடாதீங்க. கால்ல செருப்பு போட்டுக்கங்க."

"மாவாட்டற எடத்துல செருப்பாங்ணா? சாப்பிடற பண்டமாச்சுங்களே."

நியாயமான பேச்சு. அதனால் நானே ஒரு மணைப்பலகை கொண்டுபோய்க் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்து, காலையும் அதிலேயே வைத்துக்கொண்டு ஆட்டச் சொன்னேன். அக்கறை இல்லாதவன் பலகை கொடுப்பானா? அவர் அதற்கு நன்றி சொன்னார். மறுநாள் ஒரு தூக்குப் போசி நிறைய ஆப்ப மாவு கொடுத்தனுப்பினார். என் மனைவி ஆப்பம் சுட்டாள். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக இருந்தது.

இன்னொன்றும் செய்தார். எர்த் குழிக்கு முன்பு ஒரு தடவை ஊற்றுகிறவர், காலையும் மாலையும் ஊற்ற ஆரம்பித்தார். குழி காய்ந்துபோனதால்தான் சுர்ரென்கிறது என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் சன்னலில் இருந்து பார்ப்பேன். குனிந்து, சட்டியைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றுவார். அவருடைய ஒயர் அந்தக் குழிக்குப் போகவில்லை என்று சொல்ல ஒன்றிரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. மனைவி சர்ச்சில் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தாள். இனியா டியூஷன் போயிருந்தாள். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ஹுமேரா பள்ளி விட்டு வந்து கத்தின சத்தம் கேட்டு ஓடி, மெயின் சுவிட்சை அணைத்தேன். உம்மல் குல்சும் கிரைண்டருக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். தரை கழுவி ஈரமாக இருந்தது. பலகை சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. இது அன்று நான் உங்களிடம் சொன்னது. இதில் நடக்காதது எதுவும் இல்லை. கொஞ்சம் விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எர்த் இருந்தும் எப்படி ஷாக் அடித்தது என்று உங்கள் கூட வந்த மின்வாரிய அதிகாரி கேட்டார். போர்டில் பச்சை ஒயர் சரியாக இருந்தது. அவர் இளவயது. என்னை அனுபவஸ்தன் என்று மதித்துக் கேட்டார். பிளக்கில் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கும் என்றேன். பிளக்கை அவர் கழற்றினார். கழற்றும்போதே ஒயரும் கூட வந்துவிட்டது, முன்னால் எப்படி இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மாட்டியது யார் என்று கேட்டார். ஹுமேரா, "நான்தானுங்க" என்றாள்.

அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போவதில்லை. உக்கடத்தில் மாமா வீட்டில் இருக்கிறாள். போன வாரம் என்னைத் தேடி வந்தாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியும், உண்மையச் சொல்லுங்க. ஒயர நான் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

நான், "எல்லாம் விதி கண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மைதான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

பின் போர்ஷன் காலியான பிறகு இரைச்சல் இல்லை. போன மாதம் எங்கள் தண்ணீர் மோட்டார் பழசாகிக் கசிய ஆரம்பித்தது. அது ஓடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் அதே 'ம்ம்ம்'. தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நாள் கேபிள்கார அழகிரிசாமி வந்து, லைன் மாற்ற வேண்டும் என்று டி.வி.யின் பின்னால் இருந்த கேபிளைப் பிடுங்கினான். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் பொட்டென்று நின்றது. திரும்பச் சொருகச் சொன்னேன், வந்தது. பிடுங்கச் சொன்னேன், நின்றது.

"என்னங்ணா வெளையாடறீங்க?" என்றான்.

கேபிள் எங்கேயோ தெருக்கோடியில் மண்ணைத் தொடுகிறது. வீட்டு எர்த் இங்கே தொடுகிறது. இரண்டும் என் ஆம்ப்ளிஃபயரில் வந்து சேர்ந்து சண்டை போட்டிருக்கின்றன. கிரைண்டர் அதில் சும்மா எண்ணெய் ஊற்றியது. நாடகத்துக்காக நான் இழுத்த அந்த ஒரு ஒயரைப் பிடுங்கியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இருபத்திரண்டு வருட சர்வீஸ் எனக்கு. இதைப் போய் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்து நினைத்துத்தான் தூக்கம் போகிறது.

இனி விட்டுப் போனதை எழுத வேண்டும்.

அந்த வியாழக்கிழமை நாலரை மணி இருக்கும். குழல் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில், பின்னாலிருந்து, "அண்ணா" என்று கேட்டது. கூப்பிடுவது போல இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போல இருந்தது. என்னவென்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. மெஷினில் கரண்ட் பிடித்துக்கொண்ட ஆட்களின் குரலை மில்லில் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

எழுந்து மீட்டர் போர்டுக்குப் போனேன். கூடத்து வாசலை ஒட்டித்தான் இருக்கிறது, நாலு எட்டு. மெயின் சுவிட்சுக்கும் எர்த் கம்பிக்கும் ஒரு சாண் தூரம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பின்னால் மடித்து வைத்த பச்சை ஒயரை வெளியே இழுத்து, டேப்பை உரித்தேன். நல்ல டேப், வெயிலில் பிசின் இளகி இறுகியிருந்தது, நகத்தால் கிளப்ப வேண்டியிருந்தது. உரித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை, "அண்ணா" என்று கேட்டது. முதல் தடவையை விட மெதுவாக. ஒயரை மாட்டி ஸ்க்ரூவை முறுக்கினேன். பின்னால் ஏதோ விழுகிற சத்தம் வந்தது. கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மெயினை அணைக்கவில்லை. அணைத்தால் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்து, அவர் கண்ணைத் திறந்தால், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கதவை மூடிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் திரும்பியிருந்தது. ஒயர் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஹுமேரா வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரமும் நான் அங்கேயேதான் இருந்தேன். அவர் மறுபடியும் கூப்பிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அந்த இரைச்சலில் யாருக்குத்தான் என்ன கேட்கும்?